‘அது ஒண்டும் செய்யாது’: படலை தாண்டிய நாய்க்கு யார் பொறுப்பு?

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடிப் பழகியவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். ஒரு குறிப்பிட்ட படலை நெருங்கும்போது நாலு மிதி வேகமாக மிதித்துவிட்டு இரண்டு காலையும் தூக்கிச் சைக்கிள் பாரின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். நாய் குரைத்தபடி பின்னால் வரும், கொஞ்சத் தூரம் துரத்தும், பிறகு வேலை முடிந்ததென்று திரும்பிப் போய்விடும். கோண்டாவில் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இந்த வித்தையைக் காட்டப்போய் மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், படலையடியில் நின்ற அக்கா சொன்னார்: “அது ஒண்டும் செய்யாது தம்பி. நீங்கள் பயந்ததாலதான் விழுந்தனீங்கள்.”

அவர் சொன்னது பொய்யில்லை. நாய் என்னைத் தொடக்கூட இல்லை. ஆனால் ஒண்டும் செய்யாது என்பது அவருக்குத் தெரியும், அந்த ஒழுங்கையால் போகிற எனக்கு எப்படித் தெரியும்? காலை ஆறு மணிக்கு ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? குசினியில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயைத்தான் வீட்டுக்காரர் அறிவார். ஒழுங்கையில் அந்நியனைக் கண்ட நாயை அவர் அனேகமாகப் பார்த்ததே இல்லை.

நாய்த் தொல்லை என்று பேச்சு வந்தாலே நாங்கள் உடனே ‘கட்டாக்காலி’ என்ற சொல்லை எடுத்துவிடுகிறோம். மாநகர சபை என்ன செய்கிறது, பிரதேச சபை என்ன செய்கிறது என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என்று 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் விடியற்காலையில் உங்கள் ஒழுங்கையில் நிற்கும் நாய்களை ஒருமுறை நின்று பாருங்கள். சிலவற்றின் கழுத்தில் பட்டி இருக்கும். சிலவற்றுக்குப் பெயர் இருக்கும். ‘ஜிம்மி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். எட்டு மணிக்குச் சோற்றுக் கோப்பை இருக்கிற வீட்டுக்குத் தானாகவே போய்விடும். தெருவில் திரிகிற நாய் எல்லாம் தெருவில் பிறந்த நாய் இல்லை. இலங்கையில் வீதியில் காணும் நாய்களில் பெரும் பங்கு ஏதோ ஒரு வீட்டுக்குச் சொந்தமானது, அல்லது ஒரு வீட்டிலிருந்து வெளியே விடப்பட்டது.

2006 முதல் நாய்களைப் பிடித்துக் கொல்வது அரசின் கொள்கையாக இல்லை. அதற்கு முன்பு வண்டியோடு வந்து பிடித்துப் போனார்கள். அந்தக் காட்சியை இன்றும் மறக்காத பெரியவர்கள் ஊரில் உண்டு. அது நின்றதை நான் வரவேற்கிறேன். நாய்களைக் கொல்வதால் மட்டும் விசர்நோயை (ரேபிஸ்) ஒழித்துவிட முடியாது, கொன்ற இடத்துக்குப் பக்கத்துச் சந்தியிலிருந்து வேறு நாய் வந்துவிடும். ஆனால் கொல்வதை நிறுத்தினால் மிச்சம் இருப்பது தடுப்பூசியும் கருத்தடையும் படலையைச் சாத்துவதும்தான். மூன்றும் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியவை.

எங்கள் வீடுகளில் நாயை அவிழ்த்து விடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? கிடுகு வேலிக் காலத்தில் அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. வேலியில் பொட்டு இருக்கும், நாய் அதற்குள்ளால் போய் வரும். பக்கத்து வளவுக்காரருக்கும் அது தெரிந்த நாய். ஒழுங்கையால் போகிறவர்களும் பத்துப் பன்னிரண்டு தெரிந்த முகங்கள்தான். இன்று வேலி மதிலாகிவிட்டது, ஒழுங்கை கார்ப்பெற்றாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் அறுபதில் போகிறது. பார்சல் கொண்டுவரும் பையன் வாரத்துக்கு நாலு முறை வருகிறான், அவனை யாருக்கும் தெரியாது. பழக்கம் மட்டும் கிடுகு வேலிக் காலத்திலேயே நிற்கிறது: விடிந்ததும் கேற்றைத் திறந்து நாயை விடுவது, அது ‘போயிட்டு’ வரும் என்று பார்த்திருப்பது.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது ஒன்று. முற்றத்தைத் தினமும் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கண்ணாடி போல வைத்திருப்பவர்கள் நாங்கள். முற்றத்தில் நாய் மலம் கழித்தால் பெரிய சண்டை. அதனால் நாயை ஒழுங்கைக்கு விடுகிறோம். அசுத்தம் போகவில்லை, அது எங்கள் முற்றத்திலிருந்து பொது முற்றத்துக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் காவல். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வீட்டில் எழுபது தாண்டிய இரண்டு பேர். களவுப் பயம், வாள்வெட்டுக் கூட்டங்கள் பற்றிய பயம். அப்படிப்பட்ட வீட்டில் நாய் ஆடம்பரம் இல்லை, அதுதான் காவற்காரன். அதனால் ரொட்வைலர், அல்சேஷன் என்று ‘சாதி நாய்’ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். நாற்பது கிலோ நாயைப் பிடித்து நிறுத்த அம்மாவின் கையில் பலம் இல்லை. பகல் முழுக்கச் சங்கிலி, இரவில் அவிழ்ப்பு. காவல் கிடைக்கும்தான். ஆனால் ஒருநாள் கேற் சரியாகப் பூட்டப்படாவிட்டால்?

சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாளெல்லாம் கட்டி வைத்தால் நாய் மூர்க்கமாக இருக்கும், அது நல்ல காவல் என்று பலர் நம்புகிறார்கள். கட்டிய நாய்க்கு விலகி ஓட வழி இல்லை. பயந்தால் அது செய்யக்கூடியது பாய்வதும் கடிப்பதும்தான். அந்தப் பாடத்தைத் தினமும் படித்த நாய், அவிழ்ந்த நாளில் கள்ளனையும் கடிக்கும், தபாற்காரரையும் கடிக்கும். ஆள் வித்தியாசம் பார்க்க யாரும் அதற்குக் கற்றுத் தரவில்லை. குட்டி பிறந்து மூன்றாம் கிழமையிலிருந்து ஏறத்தாழ பதினாலாம் கிழமை வரை உள்ள காலம்தான் அது உலகத்தைப் பழகும் காலம். அந்த நாட்களில் சைக்கிள், குடை, பள்ளிப் பிள்ளைகள், தலைக்கவசம் போட்ட ஆள் என்று பலதையும் பயமில்லாமல் கண்ட குட்டி, வளர்ந்த பிறகு அவற்றைக் கண்டு பாயாது. நாங்கள் அந்தக் காலம் முழுவதும் குட்டியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு ‘பொல்லாத நாய்’ என்று பெருமைப்படுகிறோம்.

மோட்டார் சைக்கிளைத் துரத்துவதற்கும் காரணம் உண்டு. நாய் குரைத்துக்கொண்டு ஓடுகிறது, வண்டி போய்விடுகிறது. வண்டி எப்படியும் போகத்தான் போகிறது. ஆனால் நாயின் கணக்கில், தான் துரத்தியதால்தான் அது போனது. ஒவ்வொரு நாளும் இருபது வெற்றி. அந்தப் பழக்கத்தை நிறுத்த ஒரே வழி, அந்த விளையாட்டைத் தொடங்க விடாமல் கேற்றைச் சாத்துவது. கல்லெறிவதால் நிற்காது.

இப்போது கடி. உரிமையாளரின் பொறுப்பின்மை உயிரோடு விளையாடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். விசர்நாய்க்கடி நோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். மனிதருக்கு வரும் விசர்நோயில் நூற்றுக்கு 99 நாயால் வருவது. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். தடுப்பூசி வேலைத்திட்டங்களால் இன்று அது ஆண்டுக்கு முப்பது பேர் அளவுக்குள் இறங்கியிருக்கிறது. 2030க்குள் நாயால் வரும் விசர்நோய்ச் சாவு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் வைத்த இலக்கு. நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது கணக்கு. அந்த எழுபதில் உங்கள் வீட்டு நாயும் ஒன்று.

கடிபட்டவர் முதலில் செய்ய வேண்டியது காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுவது. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு வைத்தியசாலை. அங்கே வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளைக் கவனியுங்கள். யாருடைய நாய்? ஊசி போட்டதா? அட்டை இருக்கிறதா? கட்டி வைத்துப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்விகள் சம்பிரதாயம் இல்லை. விசர் நோயுள்ள நாயின் எச்சிலில் கிருமி வரத் தொடங்குவது, நாய் நோயாகத் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பு. கடித்த அன்று எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்த நாய் பத்து நாளைத் தாண்டி நலமாக இருக்காது. அதனால்தான் கடித்த நாயைப் பத்து முதல் பதினான்கு நாள் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். குறைந்தது இரண்டு முறை தடுப்பூசி போட்டு, கடைசி ஊசி ஓராண்டுக்குள் இருந்து, நாயும் நலமாகக் கண்ணெதிரே நின்றால், வைத்தியர் கடியின் தன்மையைப் பார்த்து ஊசியைத் தள்ளிவைக்கவும் கூடும். முடிவு அவருடையது. நாய் யாருடையது என்றே தெரியாவிட்டால் அவருக்கு வேறு வழி இல்லை: நாள் குறித்துத் தடுப்பூசிகள், கடி கடுமையாக இருந்தால் காயத்துக்குள்ளேயே போடும் நோயெதிர்ப்புச் சீரம், அதற்கு முன் ஒவ்வாமை பார்க்கக் காத்திருப்பு. ஒரு சின்னப் பிள்ளையின் கன்னத்தில் இருக்கும் காயத்தைச் சுற்றி ஊசி ஏற்றுவதைப் பார்த்தவர்கள் அந்த அழுகையை மறக்க மாட்டார்கள். சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் ஐந்தில் இரண்டு பங்கு 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். அவர்களின் முகம் நாயின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, மூளைக்கு உள்ள தூரமும் குறைவு.

ஆகவே “அது எங்கட நாய் இல்லை, சும்மா சோறு வைக்கிறனாங்கள்” என்று சொல்கிற வாயால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊசிக் கட்டிலில் ஏறுகிறது. கடி நடந்த பிறகு இந்த வசனத்தை எத்தனை படலைகளில் கேட்டிருக்கிறேன்! நேற்று வரை பெயர் வைத்துக் கூப்பிட்ட நாய் இன்று யாருக்கும் சொந்தமில்லாத நாயாகிவிடும். பொலிஸ் வரும், நட்டஈடு கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் நாயை ஒளித்து வைப்பதும், இரவோடிரவாகத் தூரக் கொண்டுபோய் விடுவதும், அடித்துக் கொன்று புதைப்பதும், கடிபட்டவருக்குத் தேவையான ஒரே சாட்சியை அழிப்பது. என்னைக் கேட்டால் கடித்ததைவிட அதுதான் பெரிய பிழை.

சட்டம் என்ன சொல்கிறது? எங்களிடம் சட்டம் இல்லை என்பது ஒரு பொதுவான நினைப்பு. இருக்கிறது, பழையது. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1907இலும் வந்தவை. நாய் வளர்ப்பவர் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும் என்பது நூற்றிருபது ஆண்டுக்கு மேலான விதி. உங்கள் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். பதிவு என்பது வரி வாங்கும் வேலை மட்டும் இல்லை. எந்த வீட்டில் எத்தனை நாய், ஊசி போட்டது எது என்று தெரிந்தால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்பூசி முகாமை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க முடியும்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையிலும், தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கடுமையான காயத்துக்கோ ஆபத்து வராமல் காக்கத் தவறுவது குற்றம் என்று இருக்கிறது. நட்டஈடு என்று வரும்போது யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை எங்களுக்கு உதவாது. அது காணி, முதிசம், சீதனம் பற்றியது. காயத்துக்கு நாடு முழுவதற்கும் உரோமன்-டச்சுச் சட்டம்தான். அதன் வேரான பழைய உரோமச் சட்டத்தில் ஒரு விநோதமான ஏற்பாடு இருந்தது: வீட்டு விலங்கு சேதம் செய்தால் சொந்தக்காரர் நட்டத்தைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலங்கையே ஒப்படைத்துவிடலாம். கடிபட்டவர் கடித்த நாயோடு வீட்டுக்குப் போகும் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன்! இன்றைக்கு வழக்கென்று போனால் உரிமையாளர் கவனமாக இருந்தாரா என்பதே முக்கியமாக எழும்: கேற் பூட்டியிருந்ததா, நாய் முன்பும் கடித்திருந்ததா, அது தெரிந்தும் அவிழ்த்து விட்டாரா. ஆனால் அயலவர்களுக்குள் வரும் இப்படியான பிணக்குகள் பெரும்பாலும் நீதிமன்றம் வரை போவதில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. மருந்துச் செலவைக் கொடுத்து, கேற்றைத் திருத்தித் தருகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த கிழமை கோயிலில் முகம் கொடுத்துப் பேசக்கூடிய முடிவு அங்கே கிடைக்கலாம்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் ‘அது லண்டன்’ என்பார்கள். சரி, பக்கத்திலேயே பார்ப்போம். 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ரொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தெரு நாய் இல்லை, சொந்தக்காரர் உள்ள நாய்கள். அதற்குப் பிறகுதான் சென்னை மாநகராட்சி உரிமம், கயிறு, வாய்ப்பூட்டு என்று இறுக்கத் தொடங்கியது. பண்ணைக் கடற்கரைப் பாதையிலும் ஆரியகுளத்தடியிலும் மாலையில் நடக்க வருகிறவர்களில் நாயோடு வருகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். நல்ல விஷயம்தான், நடந்து களைத்த நாய் வீட்டில் குறும்பு செய்யாது. ஆனால் அங்கே கயிற்றை அவிழ்த்து விட்டு ‘ஓடட்டும்’ என்பவர், அந்த இடத்தில் சக்கர நாற்காலியில் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வருகிறவரைப் பார்க்க வேண்டும். நாயிடம் பயப்படுவது கோழைத்தனம் இல்லை. சின்ன வயதில் கடிபட்ட ஒருவருக்கு அது வாழ்நாள் பயம். பொது இடத்தில் முதல் உரிமை நாய் இல்லாமல் வருகிறவருக்குத்தான் என்பது என் கட்சி.

கழிவு பற்றிப் பேச ஆட்களுக்குக் கூச்சம். நாய்க் குடலில் உள்ள கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மணலில் பொரித்து, குடம்பிகள் வெறும் காலின் தோலுக்குள்ளால் புகும். தோலுக்கடியில் நெளிநெளியாகச் சிவந்த தடமும் தாங்க முடியாத அரிப்பும் வரும். நாய், பூனைகளில் வாழ்ந்து மனிதரையும் தொற்றும் ஒரு கொக்கிப்புழு இனத்துக்கு விஞ்ஞானப் பெயரிலேயே ‘செய்லானிக்கம்’ என்று இலங்கையின் பெயர் இருக்கிறது. 1911இல் இந்தத் தீவின் புனுகுப் பூனையொன்றில் கிடைத்த மாதிரியிலிருந்து விவரிக்கப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் மணலில் வெறுங்காலோடு நடக்கிற, மணல் வீதியில் அங்கப் பிரதட்டை செய்கிற ஊர்க்காரர். நல்லூர்த் திருவிழாவுக்கு வீதியைச் சுத்தமாக்கி மணல் பரப்புவார்கள். மற்ற நாட்களில், மற்றச் சின்னக் கோயில்களில்? லண்டனில் இருந்து வந்த மருமகன் நாயோடு நடக்கும்போது சட்டைப் பையில் சொப்பிங் பை வைத்திருப்பார். அதே மருமகன் ஊருக்கு வந்தால் மாமாவின் நாயை வெறுங்கையோடு ஒழுங்கைக்குக் கூட்டிப் போகிறார். கேட்டால், ‘இஞ்ச ஆர் பாக்கிறது?’

கடைசியாக, ஆனால் சின்ன விஷயமாக அல்ல, குட்டிகள். பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு தடவைகூடக் குட்டி போடும். கடுவன் குட்டிகளை யாராவது வாங்கிப் போவார்கள். மிச்சமான பெட்டைக் குட்டிகள் ஓர் உரப் பையில் சந்தைக்குப் பின்னாலோ கோயில் வீதியிலோ போய் இறங்கும். பாவம் பார்த்துக் கொல்லாமல் விட்டோம் என்று மனதுக்குச் சமாதானம். ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வைரவர் சூலம் இருக்கிற ஊர் இது, நாய் வைரவரின் வாகனம், அடிக்கக் கை வராது. வடைமாலை சாத்துகிற அதே கை உரப் பையைக் கட்டுகிறது. ‘கட்டாக்காலி’ என்று நாங்கள் மாநகர சபையில் முறையிடுகிற நாய் இரண்டு ஆண்டுக்கு முன் அந்தப் பையிலிருந்து உயிர் பிழைத்து வந்ததாக இருக்கலாம். கால்நடை வைத்தியரிடம் ஒரே ஒரு தரம் கொண்டுபோய்க் கருத்தடை செய்தால் தீருகிற விஷயம்.

கோண்டாவில் அக்காவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. முழங்கையில் மருந்து போட்டுவிட்டு, பிளேன்ரீ ஒன்றும் தந்தார். படலைக்குக் கீழே நாய் நுழைந்து வரும் இடைவெளியை மட்டும் காட்டி, “இதுக்கு ஒரு தகரத்தை அடிச்சு விடுங்கோ அக்கா” என்றேன். இரண்டு கிழமை கழித்துப் போனபோது தகரம் அடித்திருந்தது, பழைய எண்ணெய் ரின் ஒன்றை வெட்டி விரித்தது. நாய் உள்ளே நின்று தகரத்தில் நகத்தால் பிராண்டிக்கொண்டு குரைத்தது. நான் இன்னும் காலைத் தூக்கிப் பாரில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படலையைக் கடக்கிறேன்.